லோடோட டிராக்டர் டிரெய்லர், 2 கிலோமீட்டர் இறக்கம்: பிரேக் எப்படி அமைக்கணும்?

#1 மேட்டுக்காடு

விவரத்தை முதல்லயே சொல்லிடறேன்.

டிராக்டர்: 45 ஹெச்பி, எடை 2 டன், ஆயில் பிரேக். டயரில் எடைக்காக ஊத்தற தண்ணி இல்லை, முன் வெயிட் இல்லை.
டிரெய்லர்: ரெண்டு சக்கர டிப்பர், காலி எடை 1.5 டன். பிரேக்குன்னு இருக்கறது நிறுத்தி வைக்கிற ஹேண்ட் பிரேக் லீவர் மட்டும்.
லோடு: கிரஷரில் இருந்து எம்-சாண்ட், 1 யூனிட்.
வழி: 2 கி.மீ. இறக்கம், 12 அடிக்கு 1 அடி இறங்குது. நடுவுல ரெண்டு வளைவு, கீழ கிராமத்து நாற்சந்தி.

கேள்வி மூணு. டிராக்டர் பிரேக்கே போதுமா? டிரெய்லருக்குத் தனி பிரேக் போட்டா எது நல்லது? இறக்கத்துல கியர் எப்படி வைக்கணும்?

#2 லேத்துப்பட்டறை

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. ஏன்னு கணக்குப் போட்டுப் பாத்துடுவோம்.

1 யூனிட்னா 100 கன அடி. எம்-சாண்ட் ஏறக்குறைய 5 டன் வரும், நனைஞ்சிருந்தா இன்னும் கூட. ஆக டிராக்டர் 2, டிரெய்லர் 1.5, மண் 5. மொத்தம் 8.5 டன்.

12க்கு 1 இறக்கத்துல இந்த 8.5 டன் வண்டியை முன்னால தள்ளுற விசை 8500 ÷ 12 = சுமார் 708 கிலோ. பிரேக்கே தொடலைன்னாலும் இது உங்க முதுகுல இருக்கு.

இனி பிரேக் பக்கம் வாங்க. டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரம் ரெண்டுல மட்டும்தான். பின் அச்சுல டிராக்டரோட சொந்த எடை 1300 கிலோன்னு வைங்க. டிரெய்லர் மூக்கு கொக்கியை 650 கிலோ அழுத்துதுன்னா, முன் சக்கரத்துல இருந்து பின்னால மாறி வர்றதையும் சேத்து பின் அச்சுல 2150 கிலோ. காஞ்ச தார் ரோட்டுல டயர் பிடிப்பு பாதின்னு எடுத்தா 1075 கிலோ. அதுக்கு மேல பெடலை எவ்வளவு மிதிச்சாலும் சக்கரம் லாக் ஆகி இழுக்கும், அவ்வளவுதான்.

1075ல 708 இறக்கத்துக்கே செலவு. வண்டியை நிறுத்த மிச்சம் 367 கிலோ. 30 கி.மீ. வேகத்துல வந்தா நிக்கறதுக்கு 90 மீட்டர். சமதரைன்னா இதே வண்டி 36 மீட்டர்ல நிக்கும். ரெண்டுலயும் சுதாரிச்சு மிதிக்கற ஒரு விநாடிக்கு 8 மீட்டர் சேத்திருக்கேன்.

கிரஷர் ரோட்டுல தார் மேல மண் சிந்தியிருக்கும். அங்க பிடிப்பு 0.3க்கு இறங்கிடும். அப்போ பிரேக் விசை 645. தள்ளுறது 708. அதாவது நிக்கவே நிக்காது. பிரேக் நல்லாத்தான் இருக்கும், ஆனா வண்டி வேகம் எடுத்துக்கிட்டே இருக்கும்.

டிரெய்லர் அச்சு மேல இருக்கற 5850 கிலோவுக்கும் பிரேக் வந்து, அதுல 30 சதவீதம் மட்டும் பிடிச்சாலே கூடுதலா 1755 கிலோ. அதே இறக்கம், அதே 30 கி.மீ., 22 மீட்டர்ல நிக்கும். எடை எங்க உக்காந்திருக்கோ அங்க பிரேக் வேணும்.

#3 கரும்புவண்டி

கணக்கு சரிதான் அண்ணா. ஆனா டயர் உருளுற இழுவையும் இன்ஜின் பிடிப்பும் இதுல இல்லையே? டயர் இழுவை மட்டும் 8.5 டனுக்கு 150 கிலோவுக்கு மேல உதவும்.

#4 லேத்துப்பட்டறை

உதவும் தம்பி, வேணும்னே சேக்கல. அவசரத்துல கால் பிரேக்கோட கிளட்ச்சும் சேந்து அமுங்கிடும், அந்த நிமிஷமே இன்ஜின் பிடிப்பு போச்சு. இருக்கும்னு நம்பி இறங்கறதை விட, இல்லைன்னு வச்சு இறங்கறது மேல்.

#5 எடைமேடை

அந்த 650 கிலோ மூக்குப் பாரம் தானா வராது. மாட்டு வண்டியில முன்பாரம் பின்பாரம் பாக்கற மாதிரிதான் ரெண்டு சக்கர டிரெய்லரும். டிரெய்லரும் லோடும் சேந்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல இருக்கணும்.

லோடர்காரர் பக்கெட்டைப் பின் கதவு ஓரமா கொட்டி, டிரெய்லர் மூக்கு 300 கிலோ மேல தூக்கறாப்ல ஆயிடுச்சுன்னு வைங்க. டிராக்டரோட பின் அச்சு 1300ல இருந்து 910க்கு வந்துடும். காஞ்ச ரோட்டுலயே பிரேக் விசை 455தான். மேல இருக்கற 708ஐப் பாருங்க. அதே டிராக்டர், அதே லோடு, மண்ணு ரெண்டடி பின்னால போனதுக்கு இவ்வளவு வித்தியாசம்.

எடை மேடையில அளக்கற விதம்: முழு வண்டியையும் ஏத்தி ஒரு எடை. டிரெய்லரைக் கழட்டாம அதோட சக்கரம் மட்டும் மேடையில நிக்கறப்போ ஒரு எடை. டிராக்டர் மட்டும் தனியா ஒரு எடை. மொத்தத்துல டிராக்டரைக் கழிங்க, வர்றதுல டிரெய்லர் சக்கர எடையைக் கழிங்க. 8500 − 2000 = 6500. 6500 − 5850 = 650. ஒரு தடவை அளந்துட்டு, மண்ணு மட்டம் பெட்டியில எங்க நிக்குதுன்னு உள்பக்கம் பெயின்ட்ல கோடு போட்டுடுங்க. அடுத்த நடைக்கு லோடர்காரருக்குக் கோட்டைக் காட்டினா போதும்.

முன்பாரம் அதிகமானாலும் வம்பு. ஸ்டீயரிங் லேசாகி வளைவுல நேரா போகும். டிராக்டர் எடையில 20 சதவீதமாவது, உங்களுக்கு 400 கிலோ, முன் சக்கரத்துல தங்கணும். முன்னால வெயிட் போட்டா நல்லது.

இன்னொண்ணு. எம்-சாண்ட்ல கண்ணால எடை பாக்காதீங்க. டிரெய்லர் ஆர்சியில லோடோட எடைன்னு ஒரு எண் இருக்கும். அதுக்கு மேல ஏத்தினா பிரேக், அச்சு, டயர் எல்லாமே அளவுக்கு வெளிய. 1 யூனிட் அதுக்குள்ள வரலைன்னா முக்கா யூனிட்டோட போங்க.

#6 மேட்டுக்காடு

டிரெய்லர்ல ஒரு ஆளை உக்கார வச்சு, இறக்கத்துல அந்த ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கச் சொன்னா?

#7 ஸ்லாக்_அட்ஜஸ்டர்

வேண்டாம். நாலு காரணம். லீவரும் கேபிளும் நிக்கிற வண்டியைப் பிடிச்சு வைக்கச் செஞ்சது, ஓடுற வண்டியை இல்ல. கை இழுப்புல 1755 கிலோ விசை எல்லாம் வராது. நீங்க எப்ப மிதிக்கறீங்கன்னு அவருக்குத் தெரியாது. வளைவுல மூக்கு மடங்கினா, அதாவது டிரெய்லர் தள்ளி டிராக்டரும் டிரெய்லரும் கத்தி மாதிரி மடிஞ்சா, நடுவுல மாட்டறது அவர்தான்.

அரைகுறையா லீவரை இழுத்து விட்டுட்டு இறங்கறவங்களும் உண்டு. லைனிங் 2 கி.மீ. தேஞ்சுகிட்டே வரும், கீழ நாற்சந்தியில வேணுங்கறப்போ கருகிப்போயிருக்கும்.

உங்க இறக்கத்துல உயர வித்தியாசம் 167 மீட்டர். 8.5 டன் அவ்வளவு தூரம் இறங்கறப்போ வெளியாகிற சூடு, 47 லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூடு முழுக்க பிரேக் டிரம்முக்குப் போகணுமா, இன்ஜின் வழியா ரேடியேட்டருக்குப் போகணுமாங்கறது நீங்க எந்தக் கியர்ல இறங்கறீங்கங்கறதுல இருக்கு.

#8 கரும்புவண்டி

கியரைப் பத்தி நான் சொல்றேன்ங்க.

இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வண்டியை நிறுத்தி லோ போட்டுடணும். இதே லோடோட இதே மேட்டை ஏற எந்தக் கியர் வேணுமோ, அதுக்கு ஒண்ணு கீழ. உங்க வண்டிக்கு அது மணிக்கு 10 கிலோமீட்டருக்குள்ள வரும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க, ஹேண்ட் ஆக்சிலேட்டரையும் குறைச்சு வச்சுடுங்க. வேகம் ஏறுதுன்னா பிரேக்கை அழுத்தமா மிதிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடணும். கால் வச்சபடியே இறங்கக் கூடாது, சூடு ஆற நேரமே இருக்காது.

நடுவுல கியர் மாத்தவே கூடாது. கிளட்ச் மிதிச்ச உடனே 708 கிலோ தள்ளு வந்து வண்டி வேகம் எடுத்துடும், திரும்ப சின்ன கியர் விழாது, பல்லு கரகரன்னு கத்தும். அதுக்கப்புறம் நியூட்ரல்தான். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடற பழக்கத்தைப் பத்திப் பேசவே வேண்டியதில்லை. காலை எடுத்துட்டுக் கியர்ல இறங்கறப்போ பம்ப் டீசலை எப்படியும் நிறுத்திடும்.

சில வண்டியில இறக்கத்துல கியர் தானா கழண்டுடும். செலக்டர் போர்க்கோ லாக் ஸ்பிரிங்கோ தேஞ்சிருக்கும். அதைச் சரி பண்ணாம லோடு இறக்கவே கூடாது.

அப்புறம் ரெட்டைப் பெடல். வயல்ல திருப்பறதுக்காக ரெண்டு பிரேக் பெடலையும் பிரிச்சு வச்சிருப்பாங்க. ரோட்டுக்கு ஏறினா நடுப்பட்டை லாக்கைப் போட்டே ஆகணும். ஒரு பெடல் மட்டும் அமுங்கினா ஒரு சக்கரம் மட்டும் நிக்கும், பின்னால இருந்து ஆறரை டன் தள்ளும், டிராக்டர் குறுக்கால திரும்பிடும். லாக் போட்டும் ஒரு பக்கம் இழுத்தா ரெண்டு பெடலோட ப்ரீ பிளே (பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி பெடல் சும்மா போற தூரம்) வித்தியாசமா இருக்கு, சமமா வைங்க.

#9 ஸ்லாக்_அட்ஜஸ்டர்

இப்ப ரெண்டாவது கேள்வி. உங்க எடைக்கு நான் சொல்றது ஏர் பிரேக்தான்.

டிராக்டர்ல வர்றது: கம்ப்ரஸர், அன்லோடர் வால்வு (காத்து அளவுக்கு மேல ஏறாம பாக்கறது), ஏர் டேங்க், பிரஷர் மீட்டர், பிரேக் பெடலோட இணைஞ்ச புட் வால்வு. டிரெய்லர்ல: எமர்ஜென்சி ரிலே வால்வு, தனி ஏர் டேங்க், ரெண்டு சேம்பர் (காத்து உள்ள போனா புஷ் ராடை வெளிய தள்ளுற டப்பா), ரெண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் (அந்த ராடைக் கேம் ஷாப்ட்டோட இணைக்கற கை, சுருக்கமா ஸ்லாக்), எஸ்-கேம் (சுத்தி ஷூவை விரிக்கறது), ஷூ, டிரம். இப்ப இருக்கற அச்சுல டிரம்மே இல்லைன்னா பிரேக் வச்ச அச்சாவே மாத்துங்க. பழைய அச்சுல தகடு வெல்டு வச்சு ஷூ மாட்டறது வேண்டாம்.

முக்கியமா கேக்க வேண்டியது, ஒரு லைனா ரெண்டு லைனா? ஒத்தை லைன் மலிவு. பெடல் மிதிச்சா அந்தக் குழாயில காத்து போய்ப் பிரேக் பிடிக்கும். குழாய் வெடிச்சாலோ கொக்கி கழண்டாலோ டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது. எந்த நேரத்துல பிரேக் உயிரைக் காப்பாத்தணுமோ அந்த நேரத்துல அது இருக்காது. ரெண்டு லைன்ல ஒண்ணுல எப்பவும் காத்து நிக்கும், வழக்கமா சிவப்புக் கப்ளிங். இன்னொண்ணு மிதிக்கற அளவைச் சொல்றது, மஞ்சள். சிவப்பு அறுந்தா டிரெய்லர் டேங்க்ல இருக்கற காத்து தானா பிரேக்கைப் பூட்டிடும்.

பிட்டர் வண்டியைக் கையில கொடுக்கறப்பவே சோதிங்க. சமதரை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. காத்து ஏறினதும் சிவப்புக் கப்ளிங்கைக் கழட்டுங்க. சேம்பர் ராடு ரெண்டும் உடனே வெளிய தள்ளி நிக்கணும். நிக்கலைன்னா வேலை முடியலைன்னு அர்த்தம்.

இன்னொரு அமைப்பு விஷயம். டிராக்டருக்குக் கொஞ்சம் முன்னாடியே டிரெய்லர் பிடிக்கணும். டிராக்டர் முதல்ல பிடிச்சா டிரெய்லர் பின்னால இருந்து தள்ளி மூக்கு மடங்கும். காலி டிரெய்லரோட மண் ரோட்டுல மெதுவா போய் மிதிச்சுப் பாருங்க. கொக்கியில முன்பக்கமா டொக்குனு இடிச்சா டிராக்டர் முந்துது. டிரெய்லர் சக்கரம் உடனே லாக் ஆகி இழுத்தா, காலி வண்டிக்கு அது அதிகம். புட் வால்வு இணைப்பு ராடை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

#10 தோட்டத்துவீடு

கம்ப்ரஸர் செலவுக்குப் பதிலா, டிராக்டர் பிரேக் ஆயில் லைன்ல ஒரு டீ (மூணு வாய் ஜாயின்ட்) போட்டு டிரெய்லருக்கு ஆயில் பிரேக் எடுத்தா வேலை முடிஞ்சுதே?

#11 லேத்துப்பட்டறை

அதைச் செய்யவே செய்யாதீங்க. மாஸ்டர் சிலிண்டர் தள்ளுற ஆயில் ரெண்டு சக்கரத்துக்கு அளந்து வச்சது. நாலாச்சுன்னா பெடல் தரைக்குப் போகும், எதுவும் முழுசா பிடிக்காது. டிரெய்லர் குழாய் எங்கயாவது கசிஞ்சா டிராக்டர் பிரேக்கும் சேந்து போயிடும். நிறைய டிராக்டர்ல ஆயில் பிரேக்குன்னு சொல்றது ஆயில்ல முங்கின டிஸ்க்கைத்தான், அதை இழுக்கறது ராடுதான். அங்க டீ போட லைனே கிடையாது.

ஹைட்ராலிக்ல டிரெய்லர் பிரேக் எடுக்கலாம், அதுக்குன்னு வர்ற தனி பிரேக் வால்வோட. டிப்பர் தூக்கற லீவர்ல இருந்து எடுத்தா கொஞ்சமா பிடிக்கறதுங்கறதே இருக்காது, ஒரே பிடி.

#12 ஸ்லாக்_அட்ஜஸ்டர்

ஏர் பிரேக் போட்டுட்டுப் பிறகு பாக்காம விடறவங்கதான் அதிகம். சேம்பர்ல இருந்து வர்ற புஷ் ராடு எவ்வளவு தூரம் நகருதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. சேம்பர்ல காத்து இல்லாம, பிரேக் விட்ட நிலையில இருக்கணும். வண்டிக்கு அடியில போய், புஷ் ராடு சேம்பரை விட்டு வெளிய வர்ற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு. ஸ்லாக்கைக் கையால, இல்ல சின்ன கம்பியால நெம்பி இழுங்க. கோடு அரை அங்குலத்துல இருந்து முக்கால் அங்குலம் நகந்தா சரி. அதுக்கு மேலன்னா டைட் வைக்கணும். ஸ்லாக் பக்கவாட்டுல இருக்கற போல்ட் தலையைச் சுத்தி ஒரு லாக் வளையம் இருக்கும். ரிங் ஸ்பேனரை அழுத்தினா உள்ள போகும். ஷூ டிரம்மைத் தொடற வரைக்கும் திருப்புங்க, தொட்டதும் கால் சுத்துல இருந்து அரை சுத்து பின்னால விடுங்க. ஸ்பேனரை எடுத்ததும் வளையம் டக்குனு வெளிய வரணும். வரலைன்னா அழுக்கு அடைச்சிருக்கு, ஓட்டத்துல அட்ஜஸ்ட்மென்ட் தானா லூசாகிடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும், இல்லைன்னா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும்.

திருப்பற திசையைக் கேம் ஷாப்ட்டைப் பாத்து முடிவு பண்ணுங்க. கேம், ஷூ பிடிக்கற திசையில நகரணும். தப்பா திருப்பினாலும் கடைசியில டைட் ஆகற மாதிரியே தெரியும், அது கேம் எதிர்ப்பக்கம் சுத்தி முட்டினது.

அடுத்து ஒருத்தரை முழுசா மிதிக்கச் சொல்லிப் பாருங்க. ராடும் ஸ்லாக் கையும் ஏறக்குறைய செங்கோணத்துல நிக்கணும். தாண்டி சாஞ்சா விசை குறையும். டிரம் சூடானா விரியும், ராடு இன்னும் தூரம் போகணும். காலையில சுமாரா இருக்கற பிரேக் இறக்கத்தோட பாதியில தீந்துபோறது இதனாலதான். பிரஷர் மீட்டர் 110 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) காட்டிக்கிட்டு இருக்கும், பிரேக் மட்டும் இருக்காது.

தினமும் காலையில: டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணியை வடிங்க. தண்ணியோட கறுப்பு ஆயில் வந்தா கம்ப்ரஸர் ரிங் போகுது. 100 பிஎஸ்ஐ ஏறாம கிளம்பாதீங்க. இன்ஜினை அணைச்சு, பெடலை முழுசா மிதிச்சபடி ஒரு நிமிஷம். முதல்ல இறங்கறது இறங்கட்டும், அப்புறம் 4 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா கசிவு. சோப்புத் தண்ணி போட்டுக் கப்ளிங் ரப்பர்ல முதல்ல பாருங்க. ஓட்டத்துல 60க்கு வந்துட்டா ஓரங்கட்டுங்க.

#13 தண்ணிலாரி

எம்-சாண்ட்டுக்குச் சொன்னதெல்லாம் தண்ணி டேங்க் டிரெய்லருக்கு இன்னும் ஒரு படி கூட. 5000 லிட்டர் டேங்க் பாதி நிரம்பியிருந்தா அதுதான் மோசம். பிரேக் பிடிச்சதும் இரண்டரை டன் தண்ணி முன்னால போய் இடிக்கும், திரும்பப் பின்னால போய் மூக்கைத் தூக்கும். உள்ள தடுப்புத் தகடு இருந்தாகணும். நிரப்பினா முழுசா நிரப்புங்க, இறக்கினா முழுசா இறக்குங்க.

#14 எடைமேடை

கொக்கியை யாரும் தொடலையே. டிரெய்லரை டாப் லிங்க் (கலப்பை மாதிரி கருவியைப் பிடிக்கற மேல் கம்பி) மாட்டற இடத்துல எந்தக் காரணத்துக்கும் மாட்டாதீங்க. இழுவை உயரத்துக்குப் போனா டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னால கவுந்துடும். டிராபார்ல (டிராக்டர் பின்னால தாழ இருக்கற இழுவைப் பட்டை), இல்ல கம்பெனி கொடுத்த கொக்கியில மட்டும்.

கொக்கியில மாட்டற இரும்புப் பின்னை வாரம் ஒரு தடவை கழட்டித் துடைச்சுப் பாருங்க. நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தா தூக்கிப் போடுங்க. கொக்கி ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தா அதையும் சேத்து மாத்தணும். பின்னுக்குப் பதிலா கம்பித் துண்டு, ஜாக்கி ராடு இதெல்லாம் வேண்டாம். பின்னுக்குக் கீழ லாக் கிளிப் கட்டாயம். பாதுகாப்புச் சங்கிலி ரெண்டும் மூக்குக்கு அடியில குறுக்கா போகணும், அப்பத்தான் பின் விட்டாலும் மூக்கு தரையில குத்தாம சங்கிலி மேல உக்காரும். வளைவுல இழுக்காத அளவுக்குத் தொய்வு விடுங்க.

பின்பக்கம் சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர், 7 பின் சாக்கெட், பிரேக் லைட். நீங்க 22 மீட்டர்ல நின்னா, பின்னால வர்ற பைக்காரருக்கும் அது தெரியணும்.

#15 மேட்டுக்காடு

ரெண்டு லைன் ஏர் பிரேக்தான்னு முடிவு. பிரேக் அச்சும் சேத்து மாத்தறேன். அதுவரைக்கும் அந்த வழியா அரை யூனிட், லோ கியர், இது ஓகேவா? இன்னொரு கேள்வி. ஏர் பிரேக் இருந்தா, நிறுத்தி வைக்கறப்போ ஹேண்ட் பிரேக் தேவையில்லைதானே?

#16 ஸ்லாக்_அட்ஜஸ்டர்

அரை யூனிட்னாலும் மொத்தம் 6 டன், தள்ளு 500 கிலோ. மூக்குப் பாரமும் குறையும். மண் சிந்தின ரோட்டுல டிராக்டர் பிரேக் அதைத் தாண்டறது மயிரிழைதான். சுத்துவழி இருந்தா அதுல போங்க.

ஹேண்ட் பிரேக்கைக் கழட்டாதீங்க. சாதாரண சேம்பர் காத்து இருக்கற வரைக்கும்தான் பிடிக்கும். ராத்திரி நிறுத்தினா விடியறதுக்குள்ள காத்து கசிஞ்சு டிரெய்லர் அவிழ்ந்துடும். ஸ்பிரிங் வச்ச சேம்பர் போட்டா மட்டும்தான் காத்து போனாலும் பூட்டி நிக்கும். எதுவா இருந்தாலும் டிரெய்லரைக் கழட்டறதுக்கு முன்னாடி முதல்ல சக்கரத்துக்குக் கட்டை, அடுத்து ஹேண்ட் பிரேக், அப்புறம் மூக்குக்கு ஸ்டாண்டு, கடைசியாத்தான் குழாயும் பின்னும்.

புது லைனிங் முதல் நாளே முழுசா பிடிக்காது, ஷூ டிரம்மோட படியணும். காலி வண்டியில 20 கி.மீ. வேகத்துல இருந்து 10க்கு, நடுவுல ஆற விட்டு, 15 இருபது தடவை மிதிங்க. முடிஞ்சதும் நிறுத்தி, புறங்கையை ரெண்டு டிரம் பக்கத்துலயும் கொண்டு போய்ப் பாருங்க, தொட வேண்டாம். ஒண்ணு சூடா, இன்னொண்ணு ஆறிப்போய் இருந்தா, ஆறின பக்கம் வேலை செய்யலை. அந்தப் பக்கத்து புஷ் ராடை மறுபடி அளந்து பாத்துட்டு லோடு ஏத்துங்க.